மொட்டைப் பாறையில் ஆறரை இஞ்ச் மர்மம்

எங்கள் வீட்டுக்காரர் மொட்டைப் பாறையின் உச்சியில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு ஓட்டைக்குள் வாயை வைத்து "ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் காபி டம்ளரோடு பாறைக்குக் கீழே நின்றேன். காலை எட்டு மணி வெயிலுக்கே கல் சுட ஆரம்பித்திருந்தது. வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இரண்டு ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சரோ! திருப்பிப் பேசுது புள்ள!"

"என்னன்னுங்க?"

"ஹலோன்னுதான்."

"மரியாதை தெரிஞ்ச ஓட்டையா இருக்குது. எறங்கி வாங்க, காப்பி ஆறுது."

அவர் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஓட்டையின் வாயை அளந்தார். பிறகு எழுந்து நின்று, தேர் வடம் பிடிக்கக் கூப்பிடுகிற குரலில் அறிவித்தார்.

"ஆறரை இஞ்ச்! நாம போர்வெல்லுக்குப் போடற அதே ஆறரை இஞ்ச்! ஆனா இந்தப் பாறை மேல எந்த லாரியும் ஏற முடியாது. அப்ப இதைப் போட்டவன் கீழே இருந்து வரலை புள்ள. மேலே இருந்து வந்திருக்கான்!"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேற்றுக்கிரகவாசிகளை நினைத்து அல்ல. அந்த ஓட்டை எப்போது பிறந்தது, யார் போட்டது, உள்ளே என்ன கிடக்கிறது என்ற மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ரிக்கை விற்றவர் வானத்தைப் பார்த்தார்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: திருச்செங்கோட்டுப் பக்கம் பலரையும் போல அவரும் ரிக் வைத்திருந்தவர். ரிக் என்றால் போர்வெல் போடும் லாரி. வருஷத்தில் பத்து மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருப்பேன். அவர் குடையாத மாநிலம் இல்லை, நான் திருத்தாத விடைத்தாள் இல்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். ரிக்கை விற்ற மறுவாரம் அவர் கையில் செல்போன் வந்தது. செல்போனில் யூடியூப் வந்தது. யூடியூபில், பழங்காலத்து ஆட்கள் செய்த எதையும் அவர்கள் செய்யவில்லை என்று நிரூபிக்கிற ஒரு கூட்டம் வந்தது.

ஆறே மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் மனிதன் செய்ததாக எதுவும் மிஞ்சவில்லை. நாமக்கல் மலை ஒரே கல்லாக இருப்பதால் அது வேற்றுக்கிரகக் கப்பல்கள் சார்ஜ் ஏற்றும் இடம். கொல்லிமலை ஆன்டெனா. முதுமக்கள் தாழி அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்.

"உள்ளே எலும்பு இருந்துதுங்களே?" என்று கேட்டேன்.

"கறி வெச்சிருப்பாங்க."

ஒரு நாள் நடுகல் ஒன்றைக் காட்டுவதற்கு என்னைக் கூட்டிப் போனார். பன்றியோடு சண்டை போட்டுச் செத்த வீரன், பக்கத்தில் அவன் நாய். இவர் வீரனின் கொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அது விண்வெளிக்குப் போட்டுக்கொண்டு போகும் ஹெல்மெட் என்றார்.

"அப்ப நாயை எதுக்குங்க விண்வெளிக்குக் கூட்டிட்டுப் போனான்?"

"ரஷ்யாக்காரன் மட்டும் எதுக்குக் கூட்டிட்டுப் போனான்?"

முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவள் நான், வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

ஒரு தடவை எனக்கு இளம்பிள்ளைச் சேலை எடுத்துக்கொடுத்தார். மனைவி மேல் பாசம் என்று ஏமாந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முந்தானையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, அது நட்சத்திர வரைபடம், தலைமுறை தலைமுறையாக ரகசியமாக நெய்து வருகிறார்கள் என்று வீடியோ எடுத்தார். நெய்தவருக்கே போன் போட்டு, இந்த டிசைன் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பயபக்தியோடு கேட்டார். "சூரத்துல இருந்து வாட்சப்புல வந்துதுங்க" என்றார் அவர். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு வீடியோவைப் போட்டார். சேலையில் இரண்டு ஆணி ஓட்டை இன்னும் இருக்கிறது.

ஜேடர்பாளையத்து அணையை ஆராயப் போனது மட்டும்தான் எனக்கு லாபம். ஆராய்ச்சி பத்து நிமிஷம், வறுத்த மீன் ஒரு மணி நேரம்.

எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தாழி வனைந்தவன் கைவிரல் பதிந்த தடம் மண்ணில் அப்படியே இருக்கிறது. அந்த விரலை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வரும். ஆனால் இவரோ ஒரு புது மர்மம் கிடைத்த நாளில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறார், மாத்திரையை மறக்காமல் போடுகிறார். அதனால் மற்ற எல்லா மர்மங்களையும் விட்டுப் பிடித்தேன். மொட்டைப் பாறையைத்தான் விட முடியவில்லை.

தேங்காய் நின்ற இடம்

எனக்குக் கல்யாணமான புதிது. இவர் ரிக்கோடு வடக்கே போயிருந்தார். மாமியார் ஏதோ விசேஷத்துக்கு அம்மாபேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் தண்ணீர் தரையைத் தொட்டுவிட்டது.

மாமனார் யாரிடமும் சொல்லாமல் நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர். எங்கள் காடு, அதாவது புன்செய் நிலம், முழுக்க நடந்தும் தேங்காய் அசையவில்லை. கடைசியில் களைத்துப்போய் அதிலிருக்கும் மொட்டைப் பாறை மேல் உட்காரப் போனார். அங்கே போய் எழுந்து நின்றது அந்தத் தேங்காய்.

இவர் வடக்கே போன பிறகு பாறைக்குப் பின்னால், கல் உடைப்பவர்கள் லாரி ஏறுவதற்காக மண்ணைக் கொட்டிச் சரிவு போட்டு வைத்திருந்தார்கள். அது வழியாக ஒரு ரிக் பாறை மேல் ஏறியது. யாருடைய ரிக்? என் கூடப் பிறந்த அண்ணன் வேலுச்சாமியுடையது!

மகனே ரிக் வைத்திருக்கும்போது அப்பா இன்னொரு ரிக்கைக் கூப்பிட்டுத் தன் காட்டில் போர் போடுவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஓட்டல்காரர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எதிர் ஓட்டலில் சாப்பாடு சொன்ன மாதிரி. அதிலும் கூப்பிட்டது மச்சானின் ரிக்கை. அண்ணனும் இவரும் மேலுக்குச் சிரித்துப் பேசுவார்கள், உள்ளுக்குள் யார் ஒரு அடி ஆழம் அதிகம் என்கிற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அறுநூறு அடி போட்டார்கள். தண்ணீர் இல்லை, வெறும் புகை. போரில் தண்ணீருக்குப் பதிலாகக் கல்லுத்தூள் பறந்தால் அதை இங்கே புகை என்பார்கள். மாமனார் வெள்ளை பூசிய சிலை போல ஓட்டையின் ஓரத்தில் நின்றார். நான் கொண்டுபோன மோர் டம்ளர் அவர் கையில் இருந்தது.

"அட, அந்தத் தேங்காயில இடி உழுக!" என்று இரண்டு கையையும் உதறினார். டம்ளர் நேராக ஓட்டைக்குள் போனது. டங், டங் என்று கேட்டது. கொஞ்ச ஆழத்திலேயே எங்கேயோ மாட்டி நின்றது.

அது எங்கள் அம்மா சீராகக் கொடுத்த ஆறு எவர்சில்வர் டம்ளரில் ஒன்று. ஆறிலும் என் பெயர் வெட்டியிருந்தது.

மாமனார் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சாமி, இது உன்ற புருஷனுக்குத் தெரியக் கூடாது. என்ற தலை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு கண்ணு" என்றார். ஏன் என்று கேட்டேன். ஒரு காரணம் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். சத்தியம் செய்தேன். அண்ணனிடமும் வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாளே உடைந்த அம்மிக்கல் ஒன்றைத் தூக்கிவந்து ஓட்டையை மூடினார். ரிக் ஏறிய தடம் தெரியக் கூடாது என்று அந்த மண் சரிவு முழுவதையும் வெட்டி வயலில் பரப்பிவிட்டார். மகன் ஊர் வந்தபோது, "அந்தப் பாறைப் பக்கம் போகாதே, அங்கே ஒரு சமாச்சாரம் இருக்குது" என்று மட்டும் சொன்னார். மாமியார் டம்ளர் எங்கே என்று கேட்டபோது, பிறந்த வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். சாகும்வரை அந்த அம்மா ஐந்து டம்ளரையும் எண்ணி எண்ணித்தான் வைத்தார்.

மர்மத்துக்குக் கேமரா வந்தது

இத்தனை வருஷம் கழித்து, யூடியூபில் வீடியோ ஏற்றச் சிக்னல் கிடைக்காமல் பாறை மேல் ஏறிய இவர் அம்மிக்கல்லில் இடறினார். கல் நகர்ந்தது. ஹலோ என்றார்.

"என்ற அப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது சரோ. காவல் காத்திருக்காரு. சமாச்சாரம் இருக்குதுன்னு சொன்னாரே, எனக்கு அப்ப வெளங்கலையே!" என்று கண் கலங்கினார்.

அதைக் கேட்டபின் நான் எப்படி உண்மையைச் சொல்வேன்? சொன்னால் காவல் தெய்வமாக நிற்கிற அப்பா, மகனை நம்பாமல் மச்சானின் ரிக்கைக் கூப்பிட்ட அப்பாவாகிவிடுவார். நான் முப்பது வருஷப் பொய்க்காரி ஆவேன். சொல்லாவிட்டால் இவர் ஊருக்கு முன்னால் கோமாளி ஆவார். ஏனென்றால் அதற்குள் கல்லூரியில் தொல்லியல் நடத்தும் பேராசிரியர் அம்மா ஒருவரை வரச் சொல்லிவிட்டார். ஓட்டைக்குள் இறக்கிப் பார்க்கக் கேமராவும் சொல்லிவிட்டார்.

"யாரு கேமராங்க?"

"வேற யாரு, உங்கண்ணன்தான். ரிக்கை வித்துப்போட்டு இப்ப அதுதானே பண்றாரு."

எனக்கு அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

சொன்ன நாளில் பேராசிரியர் அம்மா தொப்பியும் துணிப்பையுமாக வந்தார். சின்ன வயசுதான், பொறுமை மட்டும் பெரியது. இவர் லாரி, பாறை, வானம் என்று அரை மணி நேரம் விளக்கியதை முழுவதும் கேட்டுவிட்டு, "ஐயா, மனுஷங்க போட்டிருக்க வாய்ப்பே இல்லைங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ரிக்கோட முப்பது வருஷம் சுத்தினவன் சொல்றனுங்க. இதுல ரிக் ஏறாது."

அப்போது அண்ணன் கேமராப் பெட்டியோடு வந்தார். பாறையைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, இது நாம அன்னைக்கு..."

நான் கையிலிருந்த முறுக்குத் தட்டை நீட்டவில்லை, ஒரு முறுக்கை எடுத்து அவர் வாயிலேயே வைத்துவிட்டேன். "சாப்பிடுங்கண்ணா, தேங்காய்ப்பால் ஊத்திச் சுட்டது."

தேங்காய் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்குப் புரை ஏறியது.

வானத்திலிருந்து வந்த எழுத்து

கேமரா இறங்கியது. பாறை மேல் குடையை விரித்து, அதன் நிழலில் சின்ன டிவியை வைத்து எல்லோரும் குனிந்து பார்த்தோம். சாம்பல் நிறப் பாறை வட்டம் வட்டமாக மேலே போய்க்கொண்டிருந்தது. இவர் ஒரு கையால் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "எப்பேர்ப்பட்ட வேலைப்பாடு பாருங்க, ஒரு கீறல் இல்ல. இந்தக் காலத்து ரிக்காரன் எவனாச்சும் இப்படிப் போடுவானா?" என்றார்.

அண்ணன் முகத்தில் அடக்க முடியாத பெருமை ஒரு நொடி வந்து போனது.

நாற்பது அடியில் பாறையில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குக் கீழே சின்னத் திட்டு. திட்டில் ஏதோ பளபளவென்று நின்றது.

"உலோகம்!" என்று இவர் கத்தினார். "நிறுத்துங்க மச்சான், நிறுத்துங்க!"

அந்தக் கேமராவுக்குப் பக்கவாட்டில் பார்க்கிற கண்ணும் உண்டு. அண்ணன் வேறு வழியில்லாமல் அதைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். பளபளப்பின் மேல் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது.

பேராசிரியர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எழுத்து மாதிரி இருக்குங்க ஐயா."

இவர் செல்போனை டிவிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"முதல் எழுத்து... ரா."

"ரா! எகிப்துக்காரன் சூரியனுக்கு அதாங்க பேரு! எகிப்து வரைக்கும் போகுதுங்க சமாச்சாரம்!"

"பக்கத்துல ஒரு புள்ளி. அப்புறம் ச..."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் கேமராவை இன்னும் மெதுவாகத் திருப்பினார். அதைவிட மெதுவாகத் திருப்பினால் நின்றுவிடும்.

"ரோ."

இவர் முகத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"ஜா" என்றார் பேராசிரியர் அம்மா. நிமிர்ந்தார். "ரொம்பப் பழைய தமிழ்க் கல்வெட்டுல ஜா இருக்காதுங்களே ஐயா." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

ஆடு ஒன்று கத்தியது.

இவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனிடம் மட்டும் கேட்டார்.

"எத்தனை அடி?"

"அறுநூறுங்க மாப்ள. புகைங்க."

"அப்பா கூப்புட்டாரா?"

"ஆமாங்க."

அவர் தலை தொங்கிவிட்டது. அவர் ரிக் சேற்றில் கவிழ்ந்த அன்று கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போன மனிதரின் தலையில் வைத்த சத்தியம் இனி எதற்கு என்று வாயைத் திறந்தேன். மாமனார் அன்று சொன்ன காரணத்தை, அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"மாமா என்ன சொன்னாருன்னா, 'தேங்கா நின்ன எடம் நம்பிக்கை இல்ல சாமி. என்ற மகன் ரிக்கு சொந்தக் காட்டுலயே புகை கக்குச்சுன்னா அப்புறம் எவன் அவனைக் கூப்புடுவான்? ஊரே சிரிக்கும். உங்கண்ணன் ரிக்குன்னா பரவால்ல, புகையாப் போனாப் போவுது'ன்னாரு."

இவர் நிமிர்ந்தார். கண் நிறைந்து வழிந்தது, வாய் சிரித்தது. "என்ற அப்பன்..." என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆனால் பாறையின் மறுபக்கத்தில் இன்னொருவர் எழுந்து நின்றார்.

"அப்ப என்ற ரிக்கு பேரு கெட்டாப் பரவால்லீங்களா?" அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. "நம்ம மேல நம்பிக்கை வெச்சுத்தான் கூப்புட்டாருன்னு இத்தனை வருசம் நெஞ்சை நிமித்திட்டுத் திரிஞ்சனே! வெளிய ஒரு வார்த்தை சொன்னதில்லையே! புகை போடறதுக்குன்னே கூப்புட்டிருக்காரு! நான் வாரேன்." கேமரா வயரை மளமளவென்று சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உடைத்துக்கொள்கிற ஏரி போல ஆனது என் நிலைமை. புருஷனைச் சமாதானம் செய்த அதே வாக்கியத்தால் அண்ணனை இழக்கப் போகிறேன் என்று தெரிந்தது. "அண்ணா, சித்தெ நில்லுங்க" என்றேன். நிற்கவில்லை.

குடைக்கம்பி

"மச்சான், வயரைச் சுத்தாதீங்க" என்றார் இவர். "அந்த டம்ளரை எடுக்கோணும். எங்கம்மா எண்ணி எண்ணியே போய்ச் சேந்துட்டாங்க."

போருக்குள் விழுந்த சாமானை எடுப்பது என்றால் ரிக்காரர்களுக்குப் பசி தெரியாது, பகையும் தெரியாது. அண்ணன் கை தானாக நின்றது. "எதை வெச்சு எடுப்பீங்க? காந்தம் புடிக்காது, எவர்சில்வர்" என்று முறைப்போடு கேட்டார்.

"வெளிய இருந்து புடிச்சாத்தானே? உள்ளாற உட்டு விரிச்சா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிவிக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த குடையைப் பார்த்தார்கள். அது என் குடை. ஐந்து நிமிஷத்தில் அது எலும்பும் தோலுமாகப் பிரிந்து கிடந்தது. கம்பிகளைக் குட்டையாக வெட்டி, மடக்கி இறக்கினால் டம்ளருக்குள் போய் விரிகிற மாதிரி இரண்டு கயிற்றில் கட்டினார்கள். பேராசிரியர் அம்மா டிவியைப் பார்த்து "இடது பக்கம், கொஞ்சம் இடது" என்று கத்தினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை பாதி வந்து இறங்கிவிட்டது. "மாப்ள, இழுக்காதீங்க, உடுங்க, இப்ப இழுங்க" என்று அண்ணன் அதட்ட, இவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டார். இப்படி இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் தடவை, ஆடாமல் அசையாமல், நிமிர்ந்து நின்றபடியே வெளிச்சத்துக்கு வந்தது என் சீர் டம்ளர்.

இவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய ஒளி முகத்தில் எட்டிப் பார்த்தது. "இத்தனை வருசம் பூமிக்குள்ள கெடந்தும் ஒரு பொட்டுத் துரு இல்ல பாத்தியா? இந்த உலோகம்..."

"மிச்சம் அஞ்சும் அலமாரியில இருக்குதுங்க" என்றேன்.

அடங்கினார். அப்போதுதான் அண்ணன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். வெடிப்பில் கசிந்து சொட்டுச் சொட்டாக இறங்கியதுதான், அரை டம்ளர் இருந்தது.

"மாப்ள!" அண்ணனுக்குக் குரல் கிறீச்சிட்டது. "இது என்னங்க? மழைத்தண்ணியா? மேலே அம்மிக்கல்லு மூடிக் கெடந்துதே! நாப்பது அடியில ஊத்து! தண்ணிங்க! நான் போட்ட போரு புகையில்லீங்க!"

இவர் டம்ளரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். எதற்கும் ஆதாரம் கேட்காத அந்த மனிதர் அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரத்தை முகர்ந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஆமாங்க மச்சான். தண்ணிதானுங்க."

ஒரு சொட்டும் சிந்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம். மாமனார் படத்துக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா, நீங்க போட்ட போருல தண்ணி வந்திருச்சுங்க."

பின்னால் நின்ற அண்ணன் கனைத்தார்.

"மச்சான் ரிக்குலதானுங்க" என்று சேர்த்துக்கொண்டார் எங்கள் வீட்டுக்காரர்.